லயக் கூரையும் வானலையும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் மலைப்பாதையில் போவோர் கண்ணுக்கு இன்று தவறாமல் தென்படும் காட்சி ஒன்றுண்டு. தேயிலைச் சரிவுகளின் நடுவே நீண்டு கிடக்கும் லயங்களின் தகரக் கூரை ஓரங்களிலும், காம்பரா வாசல்களுக்கு முன்னே நட்டு வைத்த இரும்புக் குழாய்களிலும், வட்டமான தட்டுகள் வானத்தை நோக்கி அண்ணாந்து நிற்கின்றன. மக்கள் அவற்றை டிஷ் என்றே அழைக்கிறார்கள். பூனாகலை மலைமுகட்டிலுள்ள லிப்டன் ஆசனத்தைக் காண வரும் உல்லாசப் பயணிகள் தேயிலையின் பசுமையைப் படம் பிடிக்கும்போது இந்தத் தட்டுகள் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். நகரத்து அறிவாளிகளில் சிலரோ, நாட்சம்பளத்துக்கே போராடும் கூட்டத்திற்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்கிறார்கள்.

நமக்கு வேறொரு கேள்வி எழுகிறது. வீட்டின்மீது வானலைக் கம்பியோ தட்டோ நாட்டுவதற்கு விதி வகுக்கும் அதிகாரம் யாருக்கு உரியது? உலகின் பல நாடுகளில் இக்கேள்வி நகரசபைகளிலும், குடியிருப்புச் சங்கங்களிலும், உயர்ந்த நீதிமன்றங்களிலும் வாதிக்கப்பட்டிருக்கிறது. தட்டின் விட்டம் எத்தனை அங்குலம் இருக்கலாம், தெருவிலிருந்து பார்த்தால் தெரியலாமா, கூரை பொதுவானதா தனியானதா என்றெல்லாம் அங்கே ஆராய்ந்தார்கள். மலைநாட்டுத் தோட்டங்களிலோ இந்த ஆராய்ச்சிக்கு இடமே இருந்ததில்லை. நகரசபை இல்லை, கிராமசபை இல்லை. கூரை கம்பெனிக்குச் சொந்தம். கூரையைப் பற்றிய சட்டம் துரையின் வாய்ச்சொல். ஆகவே டிஷ்ஷின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், கூரையின் வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

லயம் என்பது என்ன என்று தெரியாத வாசகர் தமிழகத்தில் இன்னும் உளர். ஒரே கூரையின் கீழ், ஒன்றோடொன்று சுவர் ஒட்டி வரிசையாக அமைந்த அறைகளே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது காம்பராவின் வழக்கமான அளவு. முன்னால் சிறிய இஸ்தோப்பு. சில லயங்களில் இரு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அவற்றிற்குப் பின்வாசலும் கிடையாது, காற்றும் கிடையாது. கோப்பிக் காலத்தில் பருவத்திற்கு வந்து போகும் ஆட்களைத் தங்க வைக்க எழுப்பிய கொட்டகை இது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தபோது ஆட்கள் ஆண்டு முழுவதும் தேவைப்பட்டார்கள். கொட்டகையே நிரந்தர வீடாயிற்று; வீட்டுக்குரிய உரிமை மட்டும் வரவில்லை. 1912ஆம் ஆண்டின் சட்டங்கள் லயங்களின் சுகாதாரத்தைக் கவனித்தன என்பது மெய்யே. ஆனால் அச்சட்டங்களின் கண்ணில் லயம் என்பது தோட்டத்தின் உபகரணம். அதில் வாழ்பவன் வேலையிருக்கும்வரை தங்கியிருப்பவன்.

அந்தக் கூரையின் கீழ் வெளியுலகத்தின் குரல் எவ்வாறு நுழைந்தது? இலங்கையில் வானொலி மிக முன்னதாகவே தோன்றிவிட்டது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால், சோதனை ஒலிபரப்புகளின் பின், 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. தோட்டத்தில் அதன் பயன் பங்களாவுக்கே உரியதாயிருந்தது. வால்வுப் பெட்டி ஒன்றை வாங்குவதற்குத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம் போதாது. பெட்டியைத் தவிர, வெளியே நீளமான ஏரியல் கம்பியும், மண்ணில் புதைத்த எர்த் கம்பியும் வேண்டும். அரசாங்கத்திற்குக் கட்டணம் செலுத்தி அனுமதிப்பத்திரமும் பெற வேண்டும். ஆகவே வானொலி முதலில் துரையிடமும், அடுத்துக் கிளாக்கரிடமும், பின்னர் பெரிய கங்காணியிடமும் கடைக்காரரிடமும் படிப்படியாக இறங்கி வந்தது. வானொலிப் பெட்டியிலும் தோட்டத்தின் படிக்கட்டு அப்படியே இருந்ததைக் காண்கிறோம். டிரான்சிஸ்டர் வந்த பிறகே அப்படிக்கட்டு சரிந்தது. அதற்கு ஏரியல் வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டியதில்லை, கூரையில் ஆணி அடிக்க எவர் சம்மதமும் வேண்டியதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது தென்கிழக்காசியத் தலைமைப்பீடத்துக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட வலிய ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆயிற்று. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதியைத் தொடங்கி இந்தியா அதற்கு விடை சொல்ல நேர்ந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் தேநீர்க் கடைகளிலும் மயில்வாகனத்தின் குரலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு. அன்று ஒலி கொழும்பிலிருந்து வடக்கே சென்றது. முப்பது நாற்பது ஆண்டுகளின் பின் சென்னையிலிருந்து ஒளி தெற்கே வந்து லயத்தில் இறங்குமென்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இலங்கையில் ஒரு வீட்டின்மீது முதன்முதல் எழுந்த பெரிய செய்மதித் தட்டைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு ஒத்த வேகத்தில் சுழலும் செய்மதி வானில் அசையாது நிற்பது போலவே இருக்கும் என்பதையும், அத்தகைய மூன்று செய்மதிகள் உலகம் முழுவதற்கும் அலைகளை அஞ்சல் செய்ய வல்லன என்பதையும் 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதினார். அவர் பின்னர் இலங்கையைத் தம் இல்லமாக்கிக் கொண்டார். 1975 ஆகஸ்டில் இந்தியா, அமெரிக்காவின் ஏடிஎஸ் - 6 செய்மதியின் துணையோடு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டும் சோதனையைத் தொடங்கியது. கோழிக்கூட்டு வலை போன்ற கம்பிவலையால் செய்த தட்டுகளைக் கிராமத்துப் பொதுவிடங்களில் நிறுத்தினார்கள். சோதனையைக் கிளார்க்கும் காணும் பொருட்டு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து, கறுவாத்தோட்டத்திலிருந்த அவருடைய வீட்டில் 5 மீட்டர் அகலத் தட்டொன்றை நிறுவிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சியே இல்லாத காலம் அது.

அந்த ஆண்டில் தோட்டங்களின் நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையக மக்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கியிருந்தன. 1964 அக்டோபர் 30இல் ஒப்பமிடப்பட்ட ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. மக்கள் பசியால் மாண்டார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் தேசியமயமாயின. லயங்களின் உரிமையாளர் மாறினார், லயத்தில் வாழ்ந்தவருடைய உரிமை மாறவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலில் குடும்பம் குடும்பமாக மக்களை ஏற்றி அனுப்பிக் கொண்டிருந்த அதே நாட்களில்தான், அதே நீரிணைக்கு மேலே, கறுவாத்தோட்டத்துத் தட்டுக்கு இந்தியாவின் நிகழ்ச்சிகள் வந்து சேர்ந்தன. கிளார்க்கைக் குறை கூற நமக்குக் காரணமில்லை. ஓர் அறிஞருக்குச் செய்த மரியாதை அது. ஆனால் வீட்டின்மீது தட்டு வைக்க எத்தனை எளிதாக வழி பிறக்கும், எவருடைய வீட்டுக்குப் பிறக்கும் என்பதை இவ்வொரு செய்தியே காட்டிவிடுகிறது.

தொலைக்காட்சி இலங்கையில் 1979 ஏப்ரல் 13இல் சுயாதீனத் தொலைக்காட்சியாகத் தோன்றியது. 1982 பெப்ரவரி 15இல், ஜப்பானிய உதவியோடு, ரூபவாஹினி தொடங்கியது. அதன் தலைமை ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் உச்சி மலையாகிய பீதுருதாலகாலையில் எழுந்தது. மலையுச்சியிலிருந்து ஒளிபரப்பினால் மலைநாட்டவர்க்கே முதல் நன்மை என்று எண்ணத் தோன்றும். நடைமுறை வேறு. தொலைக்காட்சிக்குப் பயன்படும் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வன. குறுக்கே ஒரு மலைத்தொடர் நின்றால் அதன் மறுபுறம் நிழல் விழும். பூனாகலை, கொஸ்லாந்தைப் பகுதிகளின் தோட்டங்கள் பல, மலைத்தொடரின் தெற்குப் பக்கச் சரிவில் தாழ்நிலத்தை நோக்கிக் கிடப்பவை. ஒரு லயத்தில் படம் தெளிவாகத் தெரியும். ஒரு முடக்குத் தாண்டி அடுத்த லயத்தில் பனிமழை பெய்வதுபோல் திரை வெளுத்துப் போகும். மூங்கிலை உயர்த்தி உயர்த்திக் கட்டி, ஒருவர் அன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் உள்ளிருந்து குரல் கொடுக்க, அயலார் கூடிநின்று யோசனை சொல்லும் சடங்கு மலைநாடு முழுவதற்கும் பொதுவானது.

மின்சாரமும் அப்படியே. தேயிலைத் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் வந்த மின்கம்பி லயத்துக்கு வரப் பல்லாண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் பலர் மோட்டார் பற்றரியைப் பட்டணத்துக்குச் சுமந்து சென்று மின்னேற்றிக் கொண்டுவந்து, கறுப்பு வெள்ளைப் பெட்டியைச் சில மணி நேரம் இயக்கினார்கள். மின்கம்பி அருகில் வந்த பிறகும் இணைப்புப் பெறுவது எளிதாயிருக்கவில்லை. இணைப்புக் கேட்பவன் வீட்டின் உரிமையைக் காட்ட வேண்டும். லயத்தில் இருப்பவனிடம் காட்ட எதுவுமில்லை. ஆகவே தோட்ட நிருவாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் கொடுப்பதும் மறுப்பதும் நிருவாகத்தின் விருப்பம். டிஷ்ஷுக்கான 'உள்ளூர் விதி' எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாமலே நடைமுறையில் இருந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். மின்சாரத்தைத் தரவும் மறுக்கவும் வல்லவர், திரையில் என்ன தெரியலாம் என்பதையும் பாதி தீர்மானித்துவிடுகிறார்.

செய்மதி இந்த மலைகளின் தடையை ஒரே அடியில் நீக்கியது. இதன் காரணம் வானியல் சார்ந்தது. வாசகர் பொறுத்தருள வேண்டும். இங்கிலாந்து போன்ற வடநாடுகளில், பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் செய்மதி தென்திசையில் தாழ்ந்து தெரிவதால், எதிர்வீடும் மரமும்கூட அதை மறைத்துவிடும். பூனாகலையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்கும் குறைவான தூரத்தில், கிழக்கே ஏறத்தாழ 81 பாகையில் இருக்கிறது. இந்தியச் செய்மதிகளுள் பல 83 பாகையிலும் 93.5 பாகையிலும் நிறுத்தப்பட்டவை. ஆகவே அவை ஊவாவின் மக்களுக்கு ஏறக்குறைய உச்சிக்கு மேலேயே நிற்கின்றன. மலை எவ்வளவு உயர்ந்தாலென்ன, பள்ளத்தாக்கின் அடியிலுள்ள லயத்துக்கும் தலைக்கு மேலே வானம் உண்டல்லவா? பீதுருதாலகாலையின் அலை வந்து சேராத இடத்துக்கு 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அலை வந்தது.

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தோன்றியது. அக்காலத்தில் வேண்டியிருந்த பெருந்தட்டு வசதி படைத்தோர்க்கும் கம்பி வழியே பகிர்ந்து விற்போர்க்குமே எட்டியது. சிறு தட்டும் மாதக் கட்டணமும் கொண்ட சேவைகள் 2000ஆம் ஆண்டுகளில் பரவியபோதே லயத்தின் வாசலுக்கு டிஷ் வந்தது. இலங்கையின் சேவைகளும் வந்தன. இந்தியாவின் சேவைகளும் வந்தன. பின்னவற்றின் உரிமம் இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாவது. செய்மதியின் ஒளிக்கற்றை பாக்கு நீரிணையில் நின்றுவிடுவதில்லை ஆகையால், சட்டம் ஒருபுறமும் கருவி ஒருபுறமுமாக நடந்தன.

இம்மக்கள் ஏன் சென்னையை நோக்கித் தட்டைத் திருப்பினார்கள்? ரூபவாஹினியில் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் சொற்பம். நாடு முழுவதற்கும் எட்டும் முழுநேரத் தமிழ்த் தொலைக்காட்சி இலங்கையில் தொண்ணூறுகளின் இறுதிவரை தோன்றவில்லை. அதற்குமேல், ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய அண்ணன் நீலகிரியிலோ, தமிழ்நாட்டின் வேறொரு மூலையிலோ இருக்கிறான். தங்கை பூனாகலையில் இருக்கிறாள். இடையே கடிதம்கூட ஒழுங்காக வருவதில்லை. லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்துக்கே வரும். அங்கிருந்து உரியவர் கையை அடைந்தால் உண்டு, அடையாவிட்டால் இல்லை. வேலை நேர்முகத்துக்கு அழைத்த கடிதமும், பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நாள் கடந்து கிடைத்ததாக மலையக இளைஞர் முறையிடுவது நெடுநாளைய வழக்கு. தபால்காரன் கண்டுபிடிக்காத காம்பராவைச் செய்மதி கண்டுபிடித்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்த வேடிக்கையின் பின்னே வயிற்றெரிச்சல் இருக்கிறது.

பிற நாடுகளின் விதிகளை இப்போது பார்ப்போம். அமெரிக்காவில் வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்கள், அழகு கெடுகிறதென்று கூரைத் தட்டுகளைத் தடை செய்து வந்தன. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அந்நாட்டின் தொடர்பு ஆணைக்குழு விதி இயற்றி, ஒரு மீட்டருக்கு மேற்படாத தட்டுகளைச் சங்கமோ நகரசபையோ நியாயமின்றித் தடுக்கலாகாது என்றது. 1999 ஜனவரியில் வாடகைக் குடிகளுக்கும் அந்த உரிமை விரிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: குடியானவர் தாமே தனித்து அனுபவிக்கும் இடத்தில், உதாரணமாகத் தம் பலகணியில், வைக்கலாம், எல்லோருக்கும் பொதுவான கூரையிலும் வெளிச்சுவரிலும் வைக்க உரிமை இல்லை. இந்த நிபந்தனையை லயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பத்துக் காம்பராக்களுக்கு ஒரே கூரை, அது பொது. சுவர் இரு குடும்பங்களுக்குப் பொது. இஸ்தோப்பு ஒன்றே தனி இடம். அதற்கு மேலேயும் கூரை இறங்கி வானத்தை மறைக்கிறது. வாசலுக்கு முன்னே குழாய் நட்டுத் தட்டு வைக்கும் மலையக வழக்கம், அறிந்தோ அறியாமலோ, அமெரிக்க ஆணைக்குழு கண்ட அதே தீர்வை ஒத்திருக்கிறது! தகரத்தில் துளையிட்டால் மழை ஒழுகும் என்பதும், ஒழுகினால் தகரம் மாற்றித் தர எவரும் வரமாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்த சட்டம்.

ஜெர்மனியின் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே உழைக்கச் சென்ற துருக்கியர் ஒருவர் தம் வாடகை வீட்டில் தட்டு வைக்க விரும்பினார், வீட்டுக்காரர் மறுத்தார். 1994 பெப்ரவரி 9இல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம், தாய்நாட்டின் மொழியோடும் பண்பாட்டோடும் உறவு அறாமல் இருக்க வேற்றுநாட்டுத் தொழிலாளர்க்கு விசேட அக்கறை உண்டு. சொத்துரிமையோடு அதையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தீர்த்தது. சுவீடனில், ஸ்டாக்ஹோம் புறநகர்க் குடியிருப்பில் வாழ்ந்த ஈராக்கியக் குடும்பமொன்று, அரபு மற்றும் பாரசீக நிகழ்ச்சிகளைக் காண வைத்த தட்டை அகற்ற மறுத்ததால் வீட்டையே இழந்தது. 2008 டிசம்பர் 16இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அக்குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தகவல் பெறும் சுதந்திரம் பொதுச் செய்திகளோடு நிற்பதில்லை; பண்பாட்டு வெளிப்பாடுகளும் பொழுதுபோக்கும்கூட அதில் அடங்கும் என்று அந்நீதிமன்றம் கூறியதை, மலையகப் பெண்கள் தொடர் நாடகம் பார்ப்பதைக் கண்டு முகம் சுளிக்கும் நம் சீர்திருத்தவாதிகள் கவனிக்க வேண்டும். எட்டு மணி நேரம் கூடை சுமந்து, அட்டைக்கடி பட்டு, வீடு வந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கவனித்த பின் கிடைக்கும் அரைமணி நேரத்தை ஒருத்தி எப்படிச் செலவிட வேண்டும் என்று உபதேசிக்க நமக்கு என்ன அருகதை? நாடகங்களின் தரம் தாழ்ந்தது என்பதை நாமும் ஒப்புகிறோம். அது சென்னையில் கேட்க வேண்டிய கேள்வி. பூனாகலையில் கேட்க வேண்டியதன்று.

மலேசியாவிலும் தனியார் தட்டுகளுக்கு நீண்டகாலம் தடை இருந்தது. 1996இல் அஸ்ட்ரோ சேவை வந்து, சிறு தட்டும் வானவில் என்ற தமிழ் அலைவரிசையும் கிடைத்த பிறகே அந்நாட்டு ரப்பர்த் தோட்டத் தமிழர்க்கு அந்த வழி திறந்தது.

இந்நாடுகளிலெல்லாம் குடியிருப்பவனை ஒரு தரப்பாக ஏற்று விசாரித்தார்கள். மலையகத் தொழிலாளியைத் தன் காம்பராவில் ஒரு தரப்பாக ஏற்ற தீர்ப்பு ஒன்று நம் வரலாற்றில் உண்டு. அது பலர் மறந்துபோன நேவ்ஸ்மயர் வழக்கு. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டு, லயங்களிலிருந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். 1946இல் இதன்பொருட்டுப் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. மறுத்தவர்கள்மேல் அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. செல்வநாயகம் வழக்கு எனச் சட்ட நூல்கள் குறிப்பிடும் அவ்வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம்வரை சென்றது. 1950இல் கழகம் தொழிலாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. தன் வீடென்று கருதிய இடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதே அத்தொழிலாளியின் மெய்யான நோக்கம். காணிக்காரருக்குத் தொல்லை தருவது நோக்கமன்று. ஆகவே அது குற்றமாகாது என்பது அதன் சாரம். லயம் அவனுக்குச் சொந்தம் என்று கழகம் சொல்லவில்லை. ஆனால் லயம் அவனுக்கு வீடு என்பதை உலகின் ஓர் உயர்ந்த மன்றம் ஒப்புக்கொண்டது. அதற்கு முந்திய இரண்டே ஆண்டுகளில் அவனுடைய பிரசாவுரிமையையும் வாக்கையும் இலங்கைப் பாராளுமன்றம் பறித்திருந்தது.

உள்ளூராட்சியின் கதை இதைவிடச் சலிப்பூட்டுவது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது, தோட்டங்கள் சபைகளின் எல்லைக்குள்ளே அமைந்தன. பிரசாவுரிமை பெற்றவர்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தார்கள். வேட்பாளர்கள் லயத்து வாசலுக்கு வந்தார்கள். ஆயினும் சபையின் நிதியைத் தோட்டத்து வீதிக்கோ விளக்குக்கோ செலவிட அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக விளங்கியது. தோட்டம் கம்பெனியின் நிருவாகத்தில் உள்ள இடம் என்பது காரணம். முப்பது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 2018இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் வந்தது. காணியோடு கூடிய தனி வீடு என்ற பேச்சு அதற்கும் பின்னரே நடைமுறைக்கு வந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற திட்டத்தின்கீழ், இந்திய உதவியோடும் அரசின் செலவிலும், தனி வீடுகள் எழத் தொடங்கின. இந்தியா முதலில் 4,000 வீடுகளுக்கும், 2017 மே மாதத்தில் மேலும் 10,000 வீடுகளுக்கும் வாக்களித்தது. எழுந்தவை தேவையில் சிறு பங்கே. பெரும்பாலோர் இன்னும் லயத்திலேயே இருக்கிறார்கள்.

காணியின் பேச்சு ஊவாவில் உயிரின் பேச்சாகவும் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்தை லயங்களின்மீது மலை சரிந்தது. வீடுகளும் கோயிலும் மனிதர்களும் மண்ணுக்குள் போயினர். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை மக்களை அடைந்ததா என்று விபத்தின் பின் விவாதித்தார்கள். அடைந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? விட்டுப் போக வேறு வீடில்லை. கட்டிக்கொள்ள ஓர் அடி மண் சொந்தமில்லை. வேலை நிலமும் குடியிருப்பும் ஒருவரிடமே இருக்கையில் தாமாக எங்கே போவது?

இங்கே டிஷ்ஷின் குறையையும் சொல்லிவிட வேண்டும். சிறு தட்டுகள் பெறும் அலைகள் கனமழையில் நலிந்துவிடும் இயல்புடையவை. வானம் கொட்டும்போது திரை உறைந்து, பின் இருண்டுவிடும். மலை சரியக்கூடிய இரவு எதுவோ, அந்த இரவில் தட்டு ஊமையாகிறது. தெளிவாக இருக்கும் வேளையிலும் சென்னை நிலையம் சென்னையின் வானிலையைத்தான் சொல்லும். கொஸ்லாந்தையின் சரிவைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? தம் மொழியில் தம் மலையைப் பற்றிப் பேசும் ஒலிபரப்பு வேண்டுமென்றால் அதைத் தரவேண்டிய கடமை இலங்கை அரசினுடையது. மலைமறைவில் கிடக்கும் லயங்களுக்கும் எட்டும் வானொலியும், தமிழில் உடனுக்குடன் வரும் எச்சரிக்கையும், எச்சரிக்கை வந்தால் போய்ச் சேர ஓர் இடமும் சேர்ந்து இருந்தாலன்றி ஒன்றினால் பயனில்லை.

மீரியாபெத்தையில் உயிர் தப்பியோருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், பூனாகலைப் பக்கத்து மக்கல்தெனியவில் தனி வீடுகள் கட்டி ஒப்படைக்கப்பட்டன. அவ்வீடுகளுக்குச் சுவர் தனி, கூரை தனி. அதே பூனாகலையின் கபரகலையில் 2023 மார்ச்சு 19ஆம் நாள் மாலை மழையில் மலை மறுபடியும் சரிந்தது. அங்கே சரிவின் கீழ் இருந்தவை லயங்கள். குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறி, பயன்பாட்டில் இல்லாத தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நெடுநாள் தங்கியிருந்தன.